மெழுகிட்ட கலங்கள்

விண்ணும் மண்ணும் ஒரே சாம்பல் நிறப் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, பல நாளாய்ப் பெய்த மழை மூச்சு வாங்கத் தூறலாய்த் தளர, நகரை இரு கூறாக்கி ஓடும் ஆறு தன்மேல் கிடந்த பாலத்தைத் துரும்பென உதறிவிட்டுப் புரண்டு சென்ற அந்தக் காலைப் பொழுதில், மேட்டுத்தெருவின் கடைசி வீட்டில் ஒருவர் மட்டும் மகிழ்ந்திருந்தார் என்றால், அன்புடையீர், நம்புவது உமக்குக் கடினமே. பாலம் போயிற்று, கடைகள் வெறுமையாயின, அடுத்த சரக்கு வண்டி என்று வருமென எவரும் அறியார். அந்த வீட்டுப் பூட்டுக்காரரோ மணமகன்போல் தலைவாரி, வெள்ளைச் சட்டை அணிந்து, களஞ்சிய அறையின் சாவியை ஏந்தி நின்றார்.

அவர் வழிபடச் செல்லும் மன்றத்தார் சொல்வது எளிது: இடர்க்காலத்துக்கென இல்லத்தில் உணவு சேர்த்து வை, பழையதை உண்டு புதியதை நிரப்பு. முற்பாதி கேட்ட அளவிலேயே பூட்டுக்காரரின் உள்ளம் கொழுந்துவிட்டு எரிந்தமையால் பிற்பாதி செவியில் ஏறவில்லை. அரிசியும் பயறும் தகரக் கலங்களில் அடைத்து, வாயை மெழுகால் மூடி, கூரைவரை அடுக்கி, தம் கையால் செய்த பூட்டைப் பூட்டி, இறைவன் காட்டும் நாள்வரை எவரும் தொடலாகாது என்று ஆணையிட்டார். வாரந்தோறும் உள்ளே சென்று ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, நிறைந்த ஒலி கேட்டு நெஞ்சு நிறைவார். சென்ற குளிர்காலம் முழுதும் அவர் நெஞ்சுக் காய்ச்சலில் கிடக்க, பட்டறை மூடிக் கிடந்தும் வீட்டில் அடுப்பு அணையவில்லை. எழுந்து நடமாடியதும் மன்றத்தில் நின்று, ஒரு கலமும் திறவாமலே எம் பானை நிரம்பியது என்று சான்று பகர்ந்தார். கேட்டவர் கண்ணீர் மல்கினர். மனைவி மட்டும் தம் கால்விரல்களையே நோக்கியிருந்தார்.

இன்று மனைவியும் மகளும், விருந்துக்கு வந்து பாலம் போனதால் மாட்டிக்கொண்ட மைத்துனரும் சூழ்ந்து நிற்க, வேண்டுதல் முடித்து ஏணியில் ஏறினார். கீழ்வரிசையிலேயே எடுங்களேன் என்று மனைவி இருமுறை சொன்னார். உயர்ந்த நாளுக்கு உச்சிக் கலமே உரியதென எட்டிப் பிடித்தவரின் கால் வழுக்க, பிடித்த அலமாரித் தட்டு சாய, கலங்கள் இடியென உருண்டு வாய் பிளந்தன.

கொட்டியது ஆற்று மணல்.

பூட்டுக்காரர் ஏணியிலிருந்து இறங்கி ஒரு பிடி அள்ளினார், முகர்ந்தார், நம்பமாட்டாமல் நாவிலும் வைத்தார். இந்த வாரம் மகள் எதை உண்பாள்? அரிசி விற்ற கூலக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று கேட்டார். மகள் துடைப்பம் தேடிப் போனாள். மைத்துனர் மணலைக் கூர்ந்து பார்த்தார்.

“நல்லா சலிச்ச மணல் அத்தான். பூட்டும் உடையல. நீங்க செஞ்சதாச்சே.”

“விளையாடாதே. யாரு செஞ்சது?”

“நான்தாங்க” என்றார் மனைவி. “நீங்க காய்ச்சல்ல கிடந்தப்போ தலையணைக்கு அடியிலேருந்து சாவிய எடுத்தேன்.”

“என்னைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டேன். கஷ்டகாலம் வரட்டும்னீங்க. வேலை இல்ல, நீங்க பிழைப்பீங்களான்னே தெரியல, பிள்ளை பசியோட நிக்கிறா. இதுக்கு மேல என்னங்க வரணும்? எழுந்ததும் தட்டிப் பாப்பீங்கன்னுதான் மணலைப் போட்டு மறுபடி மெழுகு வச்சேன். கீழ ரெண்டு வரிசை இப்ப அரிசிதான். பட்டறை திறந்ததுலேருந்து நீங்க தூங்கறப்போ ஒவ்வொண்ணா நிரப்பிட்டு வரேன். மேல் வரிசைக்கு இன்னும் வந்து சேரல.”

இடியும் வெள்ளமும் முன்னே முரசறைய வருவதே இடர் என்று காத்திருந்தவர், அது ஓசையின்றித் தம் இல்லம் புகுந்து, ஒரு குளிர்காலம் அடுப்பருகே அமர்ந்திருந்து, இந்த அம்மையார் முன் தோற்று வெளியேறியதை அப்போதுதான் அறிந்தார். மணல் ஒட்டிய விரலால், பழக்கத்தால், கீழ்வரிசைக் கலமொன்றைத் தட்டினார். ஒலியில் வேறுபாடு ஏதும் அவருக்குத் தெரியவில்லை.

“மன்றத்துல அவ்வளவு பேர் முன்னாடி சொன்னேனே. நீ ஏன் ஒண்ணும் சொல்லல?”

“பானை நிரம்பினது உண்மைதானே?” மனைவி குனிந்து அந்தக் கலத்தின் மெழுகை நகத்தால் கீறினார். “யார் நிரப்பினாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே.”