முன்னால் இரண்டே சீட்டு

1

இந்தக் கதை எனக்குப் பழங்காநத்தத்தில் கிடைத்தது. யாரும் சொல்லிக் கிடைக்கவில்லை, வேடிக்கை பார்த்துக் கிடைத்தது. என் ஸ்கூட்டர் பஞ்சர். ஒட்டிக் கொடுக்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். எதிரே பழைய சரக்கு வண்டிகளை வாங்கி விற்கிற இடம். பிக்கப் வண்டிகள் வெயிலில் வரிசையாக நின்றன. ஒரு கணவர், மனைவி, கூட ஒரு நண்பர். ஆண்கள் இருவரும் ஒவ்வொரு வண்டியின் முன்மூடியையும் தூக்கி உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் என்ஜின் பக்கமே போகவில்லை. ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், அடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஜவுளிக்கடையில் சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கிற மாதிரி.

நான் பார்த்தது அவ்வளவுதான். அதற்குள் டீ குடித்துவிட்டு அவர் வந்துவிட்டார். பேர், ஊர், பேச்சு எல்லாம் வீட்டுக்கு வந்து நானாகப் போட்டது. (இதைக் கேட்ட என் வீட்டம்மா, "இதுல என்ன கதை இருக்கு?" என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எழுத உட்கார்ந்தேன்.)

2

"வீரணன் பிக்கப் வாங்கக் கிளம்பிய காலையில் வானம் மேகமூட்டமாக —"

மதுரையில், சித்திரை மாதத்தில், மேகமூட்டமா? அடித்துவிட்டேன்.

"ஒரு விவசாயியின் வாழ்வில் வாகனம் என்பது —"

பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாசனை அடிக்கிறது. இதுவும் போச்சு.

"வீரணன் தன் மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்."

இது நிற்கும் போலிருக்கிறது. இதிலேயே போகிறேன். (கதைக்குள் வந்துவிட்டதால் இனி அவன், அவள்தான். மரியாதைக் குறைவில்லை, உரிமை.)

3

வாடிப்பட்டிக்கும் சமயநல்லூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஓர் ஊர். வீரணனின் அய்யா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. வீரணன் தலையெடுத்துத்தான் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வந்தது. பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கும் பிடித்து, கத்தரி, வெண்டை, புடலை போடுகிறான். அவன், மனைவி செல்லத்தாய், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளியான இம்மானுவேல், மூன்று பேரும் சேர்ந்த பாடு அது. விடிந்தும் விடியாமலும் காயை ஏற்றிப் பரவை மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இதுவரை வாடகை வண்டி. முன்னால் டிரைவர், வீரணன், இம்மானுவேல். பின்னால் மூட்டைகளின் மேல் செல்லத்தாய். அவளைப் பின்னால் ஏறு என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. நடவுக்குப் போனாலும் களையெடுக்கப் போனாலும் கெடாவெட்டுக்குப் போனாலும் லோடு வண்டியில் பொம்பளைகள் பின்னால்தான் ஏறுவார்கள். வண்டியின் பின்கதவைப் பிடித்து, டயரில் ஒரு காலை வைத்து, ஒரே தாவு.*

போன ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. பரவையில் இறங்கிப் பின்னால் வந்து பார்த்த வீரணன் அப்படியே நின்றுவிட்டான். தார்ப்பாயைக் காய்மூட்டைகளின் மேல் போட்டுவிட்டுச் செல்லத்தாய் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. கத்தரிக்காய் நனையாமல் வந்ததில் திருப்தியாகத்தான் இருந்தாள். அவனுக்குத்தான் தாங்கவில்லை.

"நம்ம வண்டின்னு ஒன்னு வந்துட்டா, நீ முன்னாடிதான் உக்காருற," என்றான்.

"ம்," என்றாள் செல்லத்தாய்.

அந்த 'ம்' நம்பிச் சொன்னதா, சும்மா சொன்னதா என்று அவனுக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனாலேயே அந்த வாக்கு அவன் நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்துகொண்டது.

(* சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறுவது சட்டப்படி தப்பு. எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.)

4

பழங்காநத்தத்தில் பழைய வண்டி விற்கிற கண்ணுச்சாமி இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒரே கம்பெனி, ஒரே வருடம், இரண்டும் வெள்ளை. வித்தியாசம் உள்ளே.

ஒன்று பேஸ் மாடல். முன்னால் நீளமாக ஒரே சீட்டு, டிரைவரோடு மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். மற்றபடி ஏசி இல்லை, பாட்டுப்பெட்டி இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. இன்னொன்று டாப் மாடல். எல்லாம் உண்டு. ஆனால் தனித்தனியாக இரண்டே சீட்டு, நடுவில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு பெட்டி. இவர்கள் எந்த வண்டிப் பக்கம் திரும்பினார்களோ அந்த வண்டியைக் கண்ணுச்சாமி புகழ்ந்தார். வியாபாரியைக் குறை சொல்ல முடியாது.

இம்மானுவேல் டாப் மாடல் என்றான். வீரணனுக்கு வலது தோள்பட்டையில் தீராத வலி. பவர் இல்லாத ஸ்டியரிங்கை மார்க்கெட் நெரிசலில் வளைத்து வளைத்துத் திருப்பினால் தோள் கழன்று கையோடு வந்துவிடும் என்பது அவன் கட்சி. சீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, தான் பின்னால் ஏறிக்கொள்வதாகச் சொன்னான்.

வீரணனுக்கு அது ஒப்பவில்லை. சின்ன வயதிலிருந்து தோளில் கைபோட்டுத் திரிந்தவனை மூட்டை மேல் உட்காரவைத்துவிட்டு, ஏசிக் காற்றில் தான் சொகுசாகப் போவதா? பேஸ் மாடல்தான் சரி என்று பட்டது. தோள் போனால் போகிறது, சொன்ன சொல் நிற்கும்.

(கூட்டாளி பின்னால் ஏறுவது ஒரே நாள் கூடப் பொறுக்கவில்லை, மனைவி ஏறியது இத்தனை வருடம் கண்ணில் படவில்லை. இதை நான் வீரணனிடம் சொல்லவில்லை. நல்ல மனிதன், வருத்தப்படுவான்.)

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம் வந்தது. இம்மானுவேலைக் கதையிலிருந்து இறக்கிவிட்டால் என்ன? புருசன், பெண்டாட்டி, இரண்டு சீட்டு. டாப் மாடலை வாங்கிப் பாட்டுப் போட்டுக்கொண்டு போய்விடலாம். கதை இங்கேயே முடிந்துவிடும், எனக்கும் கைவலி மிச்சம்.

அப்படியே எழுதியும் பார்த்தேன். "வீரணனுக்கு நண்பர்கள் என்று யாரும் —" அதற்கு மேல் பேனா நகரவில்லை. அய்யா இறந்தபோது வீரணனோடு சுடுகாட்டுக்கு வந்தவன், கிணற்றில் மோட்டார் ஓடாத நாளில் ராத்திரி பகல் பாராமல் இறங்கியவன். இதெல்லாம் நான் போட்டுவைத்ததுதான். ஆனாலும் போட்ட பிறகு எடுக்க முடியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

பேஸ் மாடலையாவது வாங்கவைக்கலாம் என்று பார்த்தேன். மூன்று பேரும் முன்னால். நடுவில் செல்லத்தாய். கியர்க் கம்பி அவள் முழங்காலுக்கு நேராக. வீரணன் கியர் மாற்றும்போதெல்லாம் அவள் காலை ஒதுக்கி, புடவையை ஒதுக்கி, உடம்பை ஒடுக்கி... இது முன்னால் உட்காருவதாகாது. இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவே செருகிவைப்பது.

6

முடிவெடுக்க முடியாத குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி காலடியில் போடுவது. மனசுக்குள் கேள்வியை நினைத்துக்கொண்டால், பூசாரி எடுத்துத் தருகிற பொட்டலம் பதில். பெண் பார்ப்பது, கிணறு தோண்டுவது, ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்பது வரை இதில் தீர்த்துக்கொள்வார்கள்.

வீரணன் செல்லத்தாயைக் கூட்டிக்கொண்டு கருப்பு கோயிலுக்குப் போனான். வெள்ளரளி வந்தால் பேஸ் மாடல், செவ்வரளி வந்தால் டாப் மாடல் என்று நினைத்துக் கண்ணை மூடினான். 'வெள்ளையக் குடு சாமி' என்று கூடவே ஒரு சிபாரிசும் வைத்தான். பக்கத்தில் செல்லத்தாயும் கண்மூடி நின்றாள். அவனுக்காகத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்தான்.

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். "செவப்பு வந்துருச்சு. டாப் மாடல்தான். ரெண்டே சீட்டு. ஒனக்கு நான் சொன்ன சொல்லு..." என்று இழுத்தான் வீரணன்.

"நான் வேற கேட்டேன்," என்றாள் செல்லத்தாய்.

"என்னத்தக் கேட்ட?"

"செவப்பு வந்தா வண்டிய நான் ஓட்டணும். வெள்ள வந்தா வாயத் தொறக்காம மூட்ட மேலயே உக்காந்துக்கிறணும்னு."

7

நிறுத்துங்கள். எனக்கே இது இப்போதுதான் தெரியும்.

முன்பே கொஞ்சமாவது கோடி காட்டியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயம்தான். திரும்பிப் போய் முதல் பகுதியைப் படித்தேன். "ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்" என்று எழுதியிருக்கிறேன். எந்தப் பக்கக் கதவு வழியாக ஏறினார்? கண்ணை மூடி அந்த வெயிலை நினைத்துப் பார்த்தேன். வலது பக்கக் கதவு. ஒவ்வொரு வண்டியிலும் வலது பக்கக் கதவு. ஏறினார், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார், திருப்பினார், இறங்கினார். நேருக்கு நேர் பார்த்தும், 'உட்கார்ந்தார்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

8

செல்லத்தாய் சொன்னதையெல்லாம் சுருக்கிச் சொல்கிறேன். வில்லாபுரத்தில் அவள் தங்கச்சி சரண்யாதேவிக்குப் பிரசவமானபோது, கூடமாட இருக்கப் போனவள் மூன்று மாதம் தங்கிவிட்டாள். அந்தத் தெருமுனையில் ஒரு டிரைவிங் ஸ்கூல். பச்சைப்பிள்ளையைத் தூங்கப்போட்டுவிட்டு அக்காளும் தங்கச்சியும் போட்ட திட்டம். கார் ஓட்டப் பழகினாள், லைசென்சும் எடுத்துவிட்டாள். ஊருக்கு வந்து சொல்லவில்லை. வண்டியே இல்லாத வீட்டில் எதைச் சொல்ல?

கண்ணுச்சாமி இரண்டு வண்டியையும் ஸ்டார்ட் செய்து காட்டியபோது அவள் இரண்டின் ஸ்டியரிங்கையும் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பேஸ் மாடல் ஸ்டியரிங் அவள் கைக்கு அசையவில்லை. டாப் மாடல் ஒரு விரலுக்குத் திரும்பியது. அவளுக்கு ஏசியும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், அந்த ஸ்டியரிங் ஒன்று போதும்.

வீரணனுக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்காக ஒரு பத்தியும் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்டது வேறு.

"ரிவர்ஸ் எடுப்பியா?"

"ஒங்களவிட நல்லா எடுப்பேன். பின்னாடி பாத்தே பழகுன ஆளு நானு."

வீரணன் சிரித்துவிட்டான். சிரித்து முடித்ததும் அவனுக்கு ஒரு சந்தேகம். ஒரே பூவில் இரண்டு பேர் கேட்டால் சாமி யாருக்குப் பதில் சொன்னதாக வைத்துக்கொள்வது?

"ரெண்டு கேள்விக்கும் வண்டி ஒன்னுதானங்க," என்றாள் அவள்.

பூசாரியிடம் கேட்டுவிடலாமா என்று எழுந்தவன், பாதி வழியில் நின்றான். கேட்டால் திரும்பவும் பூப்போட்டுப் பார்க்கச் சொல்வார். வெள்ளை வந்து தொலைத்தால்? பேசாமல் திரும்பி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா, பழங்காநத்தத்துக்குப் போவோம்," என்றான். எனக்கு வீரணனை இதுவரை இவ்வளவு பிடித்ததில்லை.

9

இனி முடிவு.

டாப் மாடல் வந்துவிட்டது. பொட்டு வைத்து, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. முதல் லோடு. கிழக்கே லேசாக வெளுக்கிறது. மூட்டைகள் ஏறிவிட்டன. செல்லத்தாய் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டாள். பக்கத்தில் ஒரே ஒரு சீட்டு. கீழே இரண்டு ஆம்பளைகள்.

முதலில், இம்மானுவேல் முன்னால் ஏறினான், வீரணன் பின்னால் போனான் என்று எழுதினேன். புருசனைப் பழிவாங்கினது போல் இருந்தது. மாற்றி எழுதினேன். இம்மானுவேல் பாவமாக இருந்தான். ஆளுக்கு ஒரு நாள் என்று முறைவைத்தேன். பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது.

நான் இப்படி அடித்துத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் இருவரும் அங்கே வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"நீ முன்னாடி ஏறு மாப்ள. ஒன் வண்டி, ஒன் வீட்டுக்காரி."

"நீ ஏறு மாப்ள. ஒனக்கு அவ தங்கச்சி மாதிரி இல்லையா?"

"ஒனக்குத் தோள் வலி."

"முன்னாடி ஒக்காந்தா மட்டும் தோள் வலிக்காதா?"

செல்லத்தாய் ஹாரனை அடித்தாள். நீளமாக. மார்க்கெட் யாருக்காகவும் காத்திருக்காது. "ஏறுனா ஏறுங்க, இல்லன்னா நான் வாரேன்," என்று கியரைப் போட்டேவிட்டாள். வண்டி நகர்ந்தது. பதறிப்போய் இரண்டு பேரும் கைக்கு எட்டிய இடத்தைப் பிடித்தார்கள். எட்டியது பின்கதவு. டயரில் கால் வைக்கத் தெரியாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்து, திணறி, ஒருவழியாகக் கத்தரி மூட்டைகளின் மேல் விழுந்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து பார்த்தால், நல்ல காற்று. ஊர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. வீரணன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆக, முன்னால் ஒரு சீட்டு காலி.

இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. மெயின் ரோட்டில் ஏறுவதற்கு முன் செல்லத்தாய் எப்படியும் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பார்ப்பாள். அந்த நேரத்தில் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். இடது பக்கக் கதவு. கொஞ்சம் இறுக்கம், ஓங்கிச் சாத்த வேண்டும். ஏசி வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், அவள் போடமாட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் உங்களிடம் சொல்வாள்:

"இம்புட்டு வருசமா இந்த ரோடு என்னைய விட்டுப் போறதத்தான் பாத்துருக்கேன். இன்னைக்குத்தான் எதுக்க வருது."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் யோசித்து வையுங்கள். பரவை வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.