கடலை மறைத்த கட்டம்

முயல்தீவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் டவர் போய்விடும். அதற்கு முன்னால் ஜெர்சன் வள்ளத்தை நிறுத்தி, திரேஸ்புரத்து வீட்டிலிருக்கும் மனைவி ஆனிக்குப் போன் போடுவான். அங்கே பேச்சு கேட்கும், நெட் வராது. காற்றின் வேகத்தை நிறத்தில் காட்டும் படத்தை அவள்தான் போனில் பார்த்துச் சொல்ல வேண்டும். சரி என்றால் போவான், வேண்டாம் என்றால் திரும்புவான்.

அன்று ஆனி படத்தைத் திறந்ததும் பாழாய்ப்போன கட்டம் ஒன்று வந்து திரையின் கீழ்ப்பாதியை அடைத்துக்கொண்டது. குக்கீஸுக்குச் சம்மதமா என்று கேட்டது. 'அக்செப்ட்' கொடுத்தால் போய்விடும். ஆனால், "எதுக்கும் அக்செப்ட் குடுத்துராதளா, போன்ல இருக்கதையெல்லாம் உருவிருவானுவ" என்று ஜெர்சன் சொல்லிவைத்திருந்தான். வேண்டாம் என்று சொல்லப் பொத்தானே இல்லை. 'செட்டிங்ஸ்' என்பதைத் தொட்டாள். ஊர்பேர் தெரியாத கம்பெனிகளாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"ஏளா, காத்து எப்படி இருக்கு?"

பதறிப்போய்ப் பழைய பக்கத்துக்கே திரும்பினாள். கட்டத்துக்கு மேலே பாதிப் படம் தெரிந்தது. கரைப்பக்கம் கயத்தாறு வரைக்கும் பச்சை.

"பச்சையாத்தான் இருக்கு."

"கடல் பக்கம் பாத்தியா?"

கடல் கட்டத்துக்கு அடியில் கிடந்தது. என் பெண்டாட்டிக்குப் போனில் தெரியாததே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் அவன். இதை விலக்கத் தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பாத்துட்டேன். போயிட்டு வாங்க."

அடுப்பைப் பார்க்கப் போனாள். மனசு கேட்கவில்லை. ஆனது ஆகட்டும் என்று வந்து 'அக்செப்ட்'டை அமுக்கினாள். கட்டம் விலகியது. கடல் முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தது.

உடனே அவனை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. அவனுடைய தம்பி ஜாய்சனும் அதே வள்ளத்தில்தான் போயிருந்தான். அவன் எண்ணுக்கும் அதே குரல்தான் வந்தது. செருப்பில்லாமல் மச்சாது அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினாள். அவரிடம் விசைப்படகு உண்டு, வீட்டில் வயர்லெஸ்ஸும் உண்டு.

ஜெர்சன் கடலுக்குப் போயிருப்பதைக் கேட்டதும் அவர் வயர்லெஸ்ஸில் கடலில் நின்ற படகுகளைக் கூப்பிட்டார். ஜெர்சனின் வள்ளத்தை யாரும் பார்க்கவில்லை. பேச்சுக்கு நடுவே காற்று இரைவது கேட்டது.

"இந்தக் காத்துல யாரைக் கேட்டுளா அவன் போனான்?" என்றார் அண்ணாச்சி.

"என்னயத்தான் கேட்டாவ, அண்ணாச்சி."