சிமிகை முப்பது ஷாட்

வெள்ளைத்துரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் காலை எட்டு மணிக்கு எதுவும் நகராது. ஆனைக்குட்டம் ரோட்டில் லோடு ஏற்றிய லாரி நிற்கும். டிரைவர், அந்த வளாகத்துக்குள் பற்றவைக்க முடியாத பீடியைக் காதில் செருகிக்கொண்டு நிற்பார். பில்லில் மட்டும் கையெழுத்து விழாது. உள்ளே முதலாளி பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். கடைசிக் கட்டம் நிறைந்த பிறகுதான் அவருடைய பேனா பில் பக்கம் திரும்பும்.

கட்டங்களை நிறைப்பது மேனேஜர் ரத்தினசாமி. முதலாளி குறிப்பை வாசிப்பார். ரத்தினசாமி கண்ணை மூடுவார், நெற்றியைத் தேய்ப்பார், மின்விசிறியை ஒருமுறை பார்ப்பார். அப்புறம் இடுப்புவலி கண்டு பெற்றதுபோல வார்த்தையைச் சொல்வார்.

"ஒம்ம தலைக்குள்ள என்னதான்யா இருக்கு?" என்று முதலாளி தினமும் வியப்பார்.

தலைக்குள் இருந்தது வேல்விழி. பன்னிரண்டாம் வகுப்பு. காலை ஆறே முக்காலுக்கு ரத்தினசாமி பேப்பரைப் போட்டோ எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஏழரைக்குள் விடைகள் அவருக்குத் திரும்பிப் போகும். அவர் அவற்றைப் பைக்கில் வரும்போதே மனப்பாடம் செய்துவிடுவார். போர்மேனாக இருந்தவர் மேனேஜர் ஆனது இப்படித்தான்.

வேல்விழிக்குக் கிடைத்ததும் சின்னதல்ல. அவள் அம்மா வள்ளித்தாய் ஒன்பது வருஷம் வெடிமருந்து அடைக்கும் ரூமில் இருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையும் புருவமும் அலுமினியப் பவுடரில் வெள்ளியாக மின்னும். எங்கோ ஒரு வெடிச்சத்தம் கேட்டால் வேல்விழி பள்ளிக்கூடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எந்தத் திசை என்று பார்ப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன், அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவள், கேட்டடியில் பேப்பரும் கையுமாக முழித்துக்கொண்டு நின்ற ரத்தினசாமிக்கு ஒரு விடை சொன்னாள். மறுநாள் இன்னொன்று. மூன்றாம் வாரம் வள்ளித்தாயை, மருந்து அண்டாத, லேபிள் ஒட்டும் தகரச் செட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

தன் கை சுத்தத்தைப் பார்த்து மாற்றினார்கள் என்று வள்ளித்தாய் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வேல்விழி மறுத்துப் பேசவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு விடை மட்டும் வரவில்லை. 'அண்ணாந்தால் தெரியும், எண்ணினால் தீராது.' மூன்று எழுத்து, கடைசி எழுத்து 'கை'. நட்சத்திரம் என்பது தெரிகிறது. ஆனால் மூன்றெழுத்தில் என்ன நட்சத்திரம்? ஒன்பது மணிக்கு வேதியியல் பரீட்சை வேறு. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏ தாயி, ஒண்ணு பாக்கி நிக்கி. மொதலாளி வந்து ஒக்காந்துட்டாரு. நான் கக்கூஸுக்குள்ள நின்னு பேசுறேன்."

"இன்னும் வரல சார்."

"வரலன்னா? எனக்கும் வரலன்னு சொன்னா, நாளைக்கி ஒங்கம்மா எந்த ரூமுல நிப்பான்னு யோசிச்சியா?"

வேல்விழி வேதியியல் புத்தகத்தை மூடினாள். "சிமிகை" என்றாள்.

"என்னது?"

"சிமிகை சார். பழைய தமிழ். நட்சத்திரம் கண் சிமிட்டுதுல்ல, அது."

அப்படி ஒரு வார்த்தை அந்த நொடி வரைக்கும் உலகத்தில் இல்லை.

ரத்தினசாமி அதை மின்விசிறியைப் பார்த்துச் சொன்னபோது முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சிமிகை" என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "எங்கய்யா வருது இது?"

"சங்கப் பாட்டுலங்க ஐயா. கொஞ்சம் ஆழமாப் போகணும்."

"அதான பாத்தேன். நானும் எங்கயோ படிச்ச ஞாபகம்."

வேல்விழிக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு சீசனுக்கும் புது பேன்சி ஐட்டம் வரும். பிரஸ்ஸுக்கு லேபிள் ஆர்டர் போகும் நாளில், குறுக்கெழுத்தில் கடைசியாக நிறைந்த வார்த்தைதான் அதற்குப் பெயர். தெய்வமே எடுத்துக் கொடுக்கிறது என்பது முதலாளியின் நம்பிக்கை. போன வருஷம் 'கடுக்காய்' என்று ஒரு பூச்சட்டி வந்தது. அதற்கு முந்தின வருஷம் 'வாய்தா' என்று ஒரு ராக்கெட் வந்தது. பற்றவைத்தவர்கள் ரொம்ப நேரம் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் வள்ளித்தாய் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே செய்தியைச் சொன்னாள். "புது ஐட்டம் வருதாம்ல. சிமிகை முப்பது ஷாட். அம்பதாயிரம் லேபிளு ஓடுதாம் பிரஸ்ஸுல. சூப்பர்வைசர் எல்லாரையும் நிக்க வச்சு அர்த்தம் சொன்னாரு. ஆளாளுக்கு ஆமா ஆமாங்குறாக. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல."

வேல்விழி தட்டில் கையை வைத்தபடியே இருந்தாள்.

மறுநாள் பேப்பரில் விடை வந்தது. தாரகை. ஆறாம் வகுப்பிலேயே படித்த வார்த்தை. அவள் போனைச் சத்தம் வராமல் செய்து பாய்க்கடியில் வைத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாள். யார் என்ன பேசினார்கள் என்று காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் பதினேழு தவறிய அழைப்புகள், ஒரு செய்தி: நாளைக்கி காலைல ஒங்கம்மாவோட ஆபிசுக்கு வா.

வேலை விட்டு வந்த அம்மா செம்பில் தண்ணீர் எடுத்துக் குடிக்கும்வரை பொறுத்திருந்து, வேல்விழி எல்லாவற்றையும் சொன்னாள். போட்டோ, ஏழரை மணி, கக்கூஸ், சிமிகை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. "மறுபடி ஒன்ன மருந்து ரூமுல போட்டுருவாங்கம்மா. என்னாலதான்."

வள்ளித்தாய் செம்பைக் கீழே வைக்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அப்ப என் கை சுத்தத்துக்காக மாத்தலையா?"

வேல்விழி இல்லை என்று தலையாட்டினாள்.

"ரெண்டு வருசமா ஊரெல்லாம் பீத்திட்டுத் திரிஞ்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி கிட்டல்லாம் நகம் வெட்டச் சொல்லிப் புத்தி சொன்னேன்." செம்பை மகள் கையில் கொடுத்தாள். பிறகு, "மொகத்தக் கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்றாள்.

மறுநாள் காலை ஆபீஸில் ரத்தினசாமிக்கு இரண்டு நாள் தாடி. முதலாளியின் மேஜைமேல் இரண்டு பேப்பர்கள் விரித்துக் கிடந்தன. அச்சான லேபிள் ஒன்றும் கிடந்தது. அதில் ஒரு பெண் வானத்தைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரிகைக்காரன் தாரகைன்னு போட்டுருக்கான்" என்றார் முதலாளி. குரலில் சூடு இருந்தது. ஆனால் அது வேறு பக்கம் அடித்தது. "நேத்தே போனப் போட்டுக் கேட்டுட்டேன். தீவாளிக்கு முழுப்பக்க வெளம்பரம் குடுக்குற எனக்கே தப்பு வெட போடுறியாடான்னு. விசாரிச்சுச் சொல்றோம்னு பம்முறான். ரிட்டையர்டு புரொபசர் ஒருத்தரக் கேட்டேன், அகராதியில பாத்த மாதிரிதான் இருக்குங்காரு. என் சம்பந்திக்குச் சின்ன வயசுலேயே தெரியுமாம். எந்தப் பொஸ்தகம், எந்தப் பக்கம், அத மட்டும் சொல்லிட்டா அவன உண்டு இல்லன்னு ஆக்கிருவேன். சொல்லும்யா ரத்தினசாமி."

ரத்தினசாமி கண்ணை மூடினார். நெற்றியைத் தேய்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"பொஸ்தகம் இந்தப் பிள்ள கிட்டதான் இருக்குங்க ஐயா, அதான் வரச் சொன்னேன்" என்றார் கடைசியில். "நான் எரவல் குடுத்தது."

முதலாளியின் பார்வை வேல்விழி மேல் விழுந்தது.  இல்லாத புத்தகத்தை எங்கிருந்து கொண்டுவருவது? உண்மையைச் சொன்னால் ஐம்பதாயிரம் லேபிளுக்கு யார் தலை உருளும்? முதலில் ரத்தினசாமி, அடுத்து அம்மா.

"ஐயா, தப்பு நடந்துபோச்சு. அப்படி ஒரு..."

"இருக்கு மொதலாளி" என்றாள் வள்ளித்தாய்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பொஸ்தகத்துல இருக்கா இல்லையா, அது எனக்குத் தெரியாது. நான் பொறந்தது காரியாபட்டிப் பக்கம். அங்கன வெயில் காலத்துல வெளிய படுத்துக் கெடப்போம்ல, 'இன்னைக்கி என்ன, சிமிகை கம்மியா இருக்கு'ம்பாக. மழைக்கி முந்தி மங்கலாத் தெரிஞ்சா, 'சிமிகை கூம்பிருச்சு'ம்பாக. நாத்து நடுற பாட்டுலகூட வரும். பாடவா?"

"வேண்டாம், வேண்டாம்." முதலாளி மேஜையை ஓங்கித் தட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். "கேட்டீராய்யா! சனங்க பேசுற வார்த்த! ஏசி ரூமுல ஒக்காந்து கட்டம் போடுறவனுக்கு எப்படித் தெரியும் இது?"

"நான் சின்னப் பிள்ளையில இத எங்கம்மா வாயால கேட்டுருக்கேங்க ஐயா" என்றார் ரத்தினசாமி. அவருக்கு வேர்வை நின்றிருந்தது. "அதான் டக்குன்னு வந்துச்சு."

"ஏம்மா, ஒம்பேரு என்ன?"

"வள்ளித்தாய் மொதலாளி. லேபிளு செட்டு."

"நாளைலருந்து காலைல எட்டு மணிக்கு நீயும் இங்கன வந்து நில்லு. கட்டம் போட்டு முடிஞ்சதும் செட்டுக்குப் போனாப் போதும். இந்த மாதிரி வார்த்தையெல்லாம் வெளிய வரணும். ரத்தினசாமி, நீரும் கத்துக்கிடும்."

வெளியே வந்ததும் வேல்விழி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கும்மா அப்படிச் சொன்ன? நாளைக்கி கட்டம் கேட்டா என்ன பண்ணுவ? ஒனக்கு ஒரு விடையும் தெரியாதே."

"தெரிஞ்சவுக யாரு உள்ள இருக்காக?" என்றாள் வள்ளித்தாய். "எதையாச்சும் சொன்னா, ஆமாங்குறதுக்கு நாலு பேரு தயாரா நிக்காக. மருந்து ரூமுல ஒன்பது வருசம் நின்னவளுக்கு இது ஒரு வேலையா?"

செட் வாசலில் செருப்பைக் கழற்றியவள், உள்ளே போகாமல் நின்று திரும்பினாள்.

"ஏ பிள்ள, அந்தக் கட்டத்துல புள்ளி வச்ச எழுத்தையும் தனியாத்தான எண்ணணும்?"

"ஆமாம்மா."

வள்ளித்தாய் விரல் மடக்கி என்னவோ எண்ணிக்கொண்டே உள்ளே போனாள்.