ஐந்து புள்ளி ஏழு

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. கல்லூரி ஆய்வகத்தில் பதினான்கு வருஷமாகக் கண்ணாடிக் குடுவை கழுவுகிறேன். உடைத்தவர் பேராசிரியராகவே இருந்தாலும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. அதனால் எனக்கு அங்கே ஆசிட் அக்கா என்றே பெயர். அப்படிப்பட்டவள் தேர்வு மேசை முன்னால் மட்டும் ஊமைக்கோட்டான் ஆகிவிடுவேன். மாலை நேர உயிரியல் வகுப்பில் சேர்ந்து, அடிப்படை வேதியியல் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றது அப்படித்தான். விடை தெரியும். வாய் திறக்காது.

மூன்றாவது முறைதான் கடைசி. தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். தேறினால் இரண்டாம் ஆண்டு, அதையும் முடித்தால் ஆய்வக உதவியாளர் வேலைக்கு நானும் மனுப் போடலாம். குடுவை கழுவுகிற தொட்டிக்கும் குடுவையில் வேலை செய்கிற மேசைக்கும் நடுவே எட்டு அடிதான் தூரம். பதினான்கு வருஷமாக அதை என்னால் தாண்ட முடியவில்லை.

என் நாத்தனார் வரும்போதெல்லாம், குடும்பம் நடத்துகிறவளுக்கு அணுவும் கிணுவும் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போவாள். என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. டயர் கடை வைத்திருக்கிறார். பாடத்தில் அவருக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஆனாலும் என் நோட்டை ஸ்டூல்மேல் விரித்து வைத்துக்கொண்டு, பஞ்சர் பார்த்தபடியே கேள்வி கேட்பார். "சோடியம்?" என்பார். பதினொரு எலக்ட்ரான், இரண்டு, எட்டு, ஒன்று என்று அடுக்குவேன். கடைசி வட்டத்தில் தனியாக நிற்கிற அந்த ஒன்றை எப்போது தலைமுழுகலாம் என்று சோடியம் காத்திருக்கும், ஒன்று குறைகிறதே என்று குளோரின் அலையும், இது கொடுத்து அது வாங்கிக்கொண்டால் உப்பு என்று ஒருநாள் விளக்கினேன். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "உன் தங்கச்சிக்கு வரன் பாத்த கதை மாதிரில்ல இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார்.

தேர்வன்று நாங்கள் இருபத்திரண்டு பேர். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்ட நெட்டை மனிதர். ஆளுக்கு ஒரு குடுவையில் காய்ச்சி வடித்த நீர் கொடுத்து, அதன் பிஎச் அளவை மீட்டரில் பார்த்து எழுதி, காரணம் சொல்லச் சொன்னார். பிஎச் ஏழு என்றால் நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம், மேலே ஏற ஏறக் காரம். காய்ச்சி வடித்த நீருக்கு ஏழு என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

என் மீட்டர் ஐந்து புள்ளி ஏழு காட்டியது.

எனக்குத் திக்கென்றது. மீட்டரின் முனையைக் கழுவி, பிஎச் ஏழு என்று அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சோதித்தேன். அங்கே சரியாக ஏழு காட்டியது. திரும்ப நீரில் வைத்தேன். மறுபடியும் ஐந்து புள்ளி ஏழு. அக்கம்பக்கம் பார்த்தால் எல்லோரும் எழுதி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் என் பக்கத்தில். அவள் மீட்டர் முனையின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "ஏழுன்னு எழுதுங்கக்கா, புக்லயே இருக்கு" என்று கிசுகிசுத்தாள். பாவம், எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னாள்.

பேனா முனையை ஏழு என்று வளைக்கத்தான் போனேன். பெயர் அடிபடுமே என்கிற பயம். ஆனால் கண்ணெதிரே நிற்கிற எண்ணை இல்லை என்று எப்படிச் சொல்வது? நடப்பது நடக்கட்டும் என்று 5.7 என்று எழுதிவிட்டேன்.

தேர்வாளர் வந்தார், பார்த்தார், உச்சுக்கொட்டினார். இதுகூடத் தெரியாமல் மூன்றாவது தடவையா என்று கேட்டார். எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். அதோடு விட்டிருந்தால் என் கதை முடிந்திருக்கும். போகிற போக்கில் அவர் ஒரு வார்த்தை விட்டார்.

"குடுவையை ஒழுங்கா கழுவலையோ என்னவோ."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை.

"சார், இங்க இருக்கற ஒவ்வொரு குடுவையும் நான் கழுவினது. குழாய்த் தண்ணியில ரெண்டு தடவை, வடிச்ச தண்ணியில மூணு தடவை. அதுல குத்தம்னா நானே எந்திரிச்சுப் போயிடறேன். தண்ணி மேலயும் தப்பில்ல சார். காத்து பண்ற வேலை இது."

அவர் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு, எப்படி என்றார். மடை திறந்த மாதிரி சொன்னேன். ஹைட்ரஜன் அணுவிடம் இருப்பதே ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும்தான். அந்த ஒற்றை எலக்ட்ரானையும் விட்டுவிட்டு வந்தால் மிச்சம் வெறும் புரோட்டான். தண்ணீரில் அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு அமிலம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜனை எலக்ட்ரான் இல்லாமல் கழற்றிவிடும். இந்த நீர் எடுத்த கேனை நிரப்பியது நான்தான். நாலு நாளாகத் திறந்தே கிடக்கிறது, மூடி உடைந்துவிட்டது என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் கேட்பாரில்லை என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

"நிரூபிக்க முடியுமா?" என்றார்.

"அடுப்பு குடுங்க சார்."

அதே நீரைப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்தேன். கரைந்த வாயுவெல்லாம் போகட்டும் என்று தளதளவென்று கொதிக்கவிட்டு, இறுக அடைத்து, குளிர்ந்த நீரில் வைத்து ஆறவைத்தேன். எல்லோரும் இடத்தை விட்டு எழுந்து என் மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். அவர் தடுக்கவில்லை. அடைப்பை எடுத்து முனையை வைத்தேன். எண் ஆடி ஆடி ஆறு புள்ளி ஒன்பதில் நின்றது.

நான் விடவில்லை. ஒரு குழலை எடுத்து, கார்பன் டைஆக்சைடு கலந்த என் மூச்சை அதே நீரில் ஊதினேன். ஆறு புள்ளி மூன்று. ஊதினேன். ஐந்து புள்ளி ஆறு. கன்னம் வலிக்க ஊதினேன். ஐந்து புள்ளி ஒன்று. மூச்சு விடுகிற எந்த உயிரின் ரத்தத்திலும் இதே கணக்கு ஓடுகிறது, அங்கே அதைத் தாங்கிப் பிடிக்க வேறு உப்புகள் இருக்கின்றன என்று சொல்லி முடித்தேன். மூச்சு வாங்கியது.

தேர்வாளர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து தன் விடைக்குறிப்பை எடுத்தார். முதல் கேள்விக்கு நேராக ஏழு என்று அச்சடித்திருந்தது.

"பதினோரு வருஷமா இதையே கேக்கறேன். நான்கூட அளந்து பாத்ததில்லம்மா" என்றார்.

ஏழை ஒரே கோடாக அடித்து, பேனாவை என்னிடம் நீட்டினார். கழுவிக் கழுவித் தோல் சுருங்கின விரல்களால் அந்தச் சிவப்புப் பேனாவை வாங்கி, 5.7 என்று எழுதினேன். மற்ற இருபத்தொரு பேரையும் திரும்ப அளக்கச் சொன்னார். பக்கத்துப் பெண் பேந்தப் பேந்த விழித்தாள். "முதல்ல மூடியைக் கழட்டு கண்ணு" என்றேன்.

மதிப்பெண் பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் காற்றடிக்கிற இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"ஏங்க, தண்ணி அஞ்சு புள்ளி ஏழுங்க" என்றேன்.

"அப்படின்னா பாஸா, ஃபெயிலா?"

"பாஸுங்க."

இயந்திரம் நின்றது. அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டே, கடையில் நின்ற ஒவ்வொருவரிடமும் என் வீட்டுக்காரி பாஸ், என் வீட்டுக்காரி பாஸ் என்று சொல்லிக்கொண்டு போனார். நான் அழுகையும் சிரிப்புமாக, அதை முழுசாகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.