விரிப்புக்கு அடியில் ஈரம்

மூன்று நாள் மழையில் நிறுத்துமிடத்துக்குள் புகுந்த தண்ணீர், டிரைவிங் டீச்சரின் காரில் இருக்கை மட்டம் வரை நின்று வடிந்தது. மெக்கானிக் எஞ்சினுக்கு உயிர் கொடுத்துவிட்டார். நாற்றம்தான் போகவில்லை.

ஈரக் கோணியை மூட்டை கட்டி வைத்தது போல் ஒரு வாடை. டீச்சர் எலுமிச்சை வாசனைப் புட்டி ஒன்றைத் தொங்கவிட்டாள்; இரண்டும் சேர்ந்து குமட்டியது. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பேங்க் அம்மா, மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே காரைத் திருப்பி, குப்பைத் தொட்டியில் இடித்தாள். மறுநாள் வரவில்லை. அந்த வாரம் இன்னும் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். இந்தக் காரை நம்பித்தான் டீச்சர் பார்த்த வேலையை விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஓரகத்தி வந்து நின்றாள். கணவனின் அண்ணன் மனைவி; ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. மாமனார் வீட்டை விற்ற சமயத்தில் டீச்சர் வாய்தவறி விட்ட ஒரு வார்த்தையால், இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

"உன் வீட்டுக்காரர் வாய்ல எது நிக்கும்? அவங்க அண்ணன்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டார். சாவியக் குடு."

கார் கதவைத் திறந்து ஒரு தரம் முகர்ந்தாள்.

"வாசனை அடிச்சா வாடை போயிடுமா? ஈரம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாக்க வேண்டாமா?"

டீச்சர் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். பிறகு இருவருமாக போல்ட்டுகளைத் தளர்த்தி இருக்கைகளை வெளியே இறக்கினார்கள். தரைவிரிப்பு மேலே காய்ந்துதான் இருந்தது. தூக்கிப் பார்த்தால், அடியிலிருந்த பஞ்சு சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. பிழிந்ததில் அரை வாளி கறுப்புத் தண்ணீர்.

"இதோ இருக்கான் திருடன்!" என்றாள் ஓரகத்தி. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பஞ்சைத் தூக்கி எறிந்தார்கள். விரிப்பை சோப்புப் போட்டுத் தேய்த்து அலசி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து வெயிலில் போட்டார்கள். இருக்கைகளில் சோடா உப்பைத் தூவி, மறுநாள் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தார்கள். பூஞ்சை பிடித்திருந்த ஏசி ஃபில்டரை மாற்றினார்கள். மூன்று நாள் கதவுகளைத் திறந்துவைத்து மின்விசிறியை ஓடவிட்டார்கள். மூன்று நாளும் ஓரகத்தி வேலை முடிந்து நேரே வந்தாள்.

இருக்கைகளைத் திரும்ப மாட்டும்போது டீச்சர் மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"போல்ட்டப் பிடி. கீழ விழுந்து உருண்டா யாரு தேடறது?"

வியாழக்கிழமை, டீச்சர் போன் போட்டுக் கூப்பிட்டதில், பேங்க் அம்மா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே ஜன்னலை ஏற்றி, "ஏசி போடலாமா டீச்சர்?" என்றாள்.

அன்று மாலை டீச்சர் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தாள். ஓரகத்தி ஏறிக்கொண்டாள்.

"நீங்க வரலன்னா காரை வித்துட்டு, மறுபடி யார்கிட்டயோ போய்க் கைகட்டி நின்னிருப்பேன் அக்கா. உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

ஓரகத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டிக்கொண்டாள்.

"காய் வாங்கணும். கடைகிட்ட நிறுத்து."