நாளைக்கு வேண்டிய சுவர்

...இன்னும் ஆறு மீட்டர்தான், மூன்று மணிக்குள் முடிந்தாக வேண்டும், நாளைக் காலை நாற்பது பேர் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு பெயிண்ட் அடிக்க வந்து நிற்பார்கள், சுவரோ போன மே மாதம் வந்தவர்கள் அடித்த பச்சையில் பளபளவென்று இருக்கிறது, இதில் அடிக்க என்ன இருக்கிறது... கிஸ்லேன் பட்டித் தகட்டை அழுத்தினாள், பச்சை உரிந்தது, அடியில் அதற்கு முந்தின வருஷத்து ஆரஞ்சு, அதற்கும் அடியில் நீலம். ஷார்ல்ரோவா நகரத்துப் பள்ளியின் தலைமையாசிரியை தன் சுவரைத் தானே பாழாக்குகிறாள், யாரிடம் சொல்வது? இவர்களை அனுப்பும் கம்பெனியின் அறக்கட்டளைக்காரர்கள் கெட்டவர்களா, இல்லவே இல்லை, வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு நவால் வாரத்தில் மூன்று நாள் உட்காருவது அவர்கள் தரும் சம்பளத்தில்தான். பதிலுக்கு ஆண்டில் ஒரு நாள் கம்பெனி ஊழியர்கள் வந்து கைப்பட உழைப்பார்கள், அவ்வளவுதான். சுவர் போதும், பேச்சுப் பயிற்சி தருகிறவர் ஒருவர் வேண்டும் என்று எழுதிப் பார்த்தாள்... கோழியைக் கேட்டா மிளகாய் அரைக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் வந்தவர்களை மழையில் புல் பிடுங்க விட்டார்கள், அடுத்த வருஷம் அறக்கட்டளை வேறு பள்ளிக்குப் போய்விட்டது. நவாலும் அப்படிப் போய்விட்டால்? பள்ளியைப் பராமரிக்கும் ஃபப்ரிட்சியோ காபியோடு வந்து நின்று பார்த்தார்.

"பசங்க சுவத்துல கிறுக்குனா அப்பா அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்றோம். உங்களுக்கு யாரக் கூப்பிடட்டும், மேடம்?"

சிரிக்கக்கூடத் தெம்பில்லை. தோள் வலித்தது, ஆனால் பக்கத்து அறையில் நவாலிடம் சூமியா படித்துக்கொண்டிருந்தாள், செப்டம்பரில் எழுத்துகூடத் தெரியாத பெண், இப்போது தட்டுத்தடுமாறி மூன்றாம் பக்கம் வந்துவிட்டாள், அந்தக் குரலுக்காக எத்தனை சுவரை வேண்டுமானாலும் சுரண்டலாம், சுரண்டு, சுரண்டு... குரல் எப்போது நின்றது? கதவு திறந்து நவால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

"இன்னொரு தகடு இருக்கா மேடம்? ரெண்டு பேரா செஞ்சா சீக்கிரம் முடியும்."

"பிள்ளைங்க?"

"விளையாட அனுப்பிட்டேன். ஒரு நாள்தானே."

ஒரு நாள்தான்... கிஸ்லேன் தகட்டை நீட்டினாள். செவ்வாய்க்கிழமை வரவேற்புப் பாட்டு ஒத்திகை, நவால்தான் சொல்லிக்கொடுத்தாள். இன்று இது. நாளை பெயிண்ட் நாற்றம், அறையைப் பூட்டிவிடுவார்கள். செவ்வாய், வியாழன், வெள்ளி... இந்த மூன்று நாளைக் காப்பாற்றத்தானே இவ்வளவும்? திறந்த கதவு வழியாக மேசைமேல் புத்தகம் தெரிந்தது, மூன்றாம் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. நவால் வேகமாகத்தான் சுரண்டினாள்.