பேரிங் சத்தம்

மேசையை நாலு பேர் தூக்கி இரண்டு எட்டு வைத்த பிறகுதான், அதன் பின்னால் ஒயர் விறைத்துக்கொண்டு நிற்பதைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்தாள். "இருங்க, இருங்க. மிஷின் ஓடிக்கிட்டு இருக்கு போல" என்றாள்.

தூக்கியவர்கள் மேசையை அந்தரத்தில் பிடித்தபடியே காதைக் கொடுத்தார்கள். ஓடவில்லை என்றார் ஒருவர். விளக்கு எரிகிறதே என்றார் இன்னொருவர். செத்தவரைக் கிடத்த இடம் பண்ண வந்தவர்கள், கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று வாதம் பண்ணிக்கொண்டு நின்றார்கள்.

குளியலறையிலிருந்து செத்தவரின் இளைய மகள் வந்தாள். இரண்டு கையிலும் சோப்பு நுரை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடப் போனவளைத் தையல்காரம்மா தடுத்து, தானே அணைத்தாள். வீட்டில் பெரிய உயிர் போயிருக்கும்போது யாராவது முதல் வேலையாகத் துணி துவைப்பார்களா என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தெருவில் யார் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. இருந்தாலும் அன்றைக்கு விழுங்கிவிட்டாள்.

"இதுவாம்மா அந்த லாரி?" என்று கேட்டார் மேசையின் ஒரு காலைப் பிடித்திருந்தவர்.

இளையவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

லாரி என்று பெயர் வைத்தவர் கூடத்தின் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் கட்டிலில் கிடந்தார். பெரிய டிரைவர் என்றால்தான் அவரைத் தெருவுக்குத் தெரியும். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர். கடைசியில் இதயம் வீங்கிப்போய், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தவாக்கில்தான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி முந்திக்கொண்டாள். மூத்த மகள் கல்யாணமாகி வெளியூரில். இளையவள் கல்யாணம் பண்ணிப் போய், அது சரிப்படாமல், ஒரு துணிப்பெட்டியும் இந்தக் கம்ப்யூட்டருமாக அப்பாவிடமே திரும்பி வந்தவள். ஏன் சரிப்படவில்லை என்பதில் தெருவில் மூன்று கட்சி உண்டு. அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

வந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடப் பாடங்களை வாசித்து, பதிவு செய்து, ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். குரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அனுப்பியதையெல்லாம் திருப்பினார்கள். பின்னால் இரைச்சல் என்றார்கள். இரைச்சல் என்பது மரியாதையான வார்த்தை. அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். "என்னம்மா, உன் லாரி இன்னிக்கு மலை ஏறுதா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து அப்பா கேட்பார். "ரெண்டாவது கியருக்கு மாத்து, பாவம் திணறுது."

புதிது வாங்க வழியில்லை. மருந்துக்கடைக்குப் போனது போக மிச்சத்தில் அரிசி வாங்குகிற வீடு அது. ஆகவே இருப்பதையே ஊமையாக்குவது என்று முடிவு செய்தாள். துணைக்கு வந்தவன் தெருமுனையில் கடை வைத்திருந்த ரிப்பேர்க்காரன். எதைப் பிரித்தாலும் மாட்டும்போது ஒன்று மிஞ்சிவிடும் என்பதால் அவனுக்கு ஸ்க்ரூ என்றே பெயர். அவன் சொல்ல, இவள் செய்தாள். பெயிண்ட் பிரஷ்ஷால் உள்ளே இருந்த தூசியைத் தட்டினாள். அப்பா பஸ் ஓட்டிய காலத்துத் தூசியெல்லாம் அதில்தான் இருந்தது என்று ஸ்க்ரூ சொன்னான். ஊளையிட்ட சின்ன விசிறியைக் கழற்றி, அவன் காயலான் குவியலிலிருந்து மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி ஒன்றை மாட்டினாள். தேய்ந்த செருப்பை வெட்டி நாலு காலுக்கும் ரப்பர் வைத்தாள். உள்ளே கடகடத்த ஹார்ட் டிஸ்க்கைத் தையல்காரம்மா கொடுத்த இடுப்பு எலாஸ்டிக்கில் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டாள். "கம்ப்யூட்டருக்குப் பாவாடை நாடாவாடி?" என்று தையல்காரம்மா கேட்டதும், அதைத் தெரு முழுக்கச் சொன்னதும் தனிக்கதை.

இரைச்சல் அடங்கியது. கூடத்தில் கடிகார முள் நகர்வது கேட்டது. இளையவள் வெற்றி வெற்றி என்று ஒரு பாடத்தை வாசித்து அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது. இரைச்சல் இல்லை, ஆனால் விட்டு விட்டு ஒரு சத்தம் வருகிறது, கவனிக்கவும் என்றது கம்பெனி.

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். இருந்தது. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே, எங்கேயோ அடியில், எதையோ எதன் மேலோ தேய்ப்பது போல ஒரு கர்ர். அப்புறம் ஒரு இழுப்பு. மறுபடி கர்ர். லாரி ஓடியவரைக்கும் அதற்குள் மறைந்திருந்த சத்தம். மிஷினை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் அவள் அந்தச் சத்தத்தை ஹெட்போனில் மட்டுமே கேட்டாள். ஹெட்போன் மிஷினில் செருகியிருந்தது. ஆகவே சத்தம் மிஷினுக்குள்தான் இருக்க வேண்டும். அதே கூடத்தில் அதே மூச்சோடு வருஷக்கணக்கில் இருப்பவளுக்கு, அந்த மூச்சு ஒரு சத்தம் என்பதே மறந்து போயிருந்தது.

ஸ்க்ரூவுக்கும் பிடிபடவில்லை. கடைசியில் அவளே ஹெட்போனைக் கொண்டுபோய் அப்பா காதில் மாட்டினாள். "அம்பது வருஷம் இன்ஜின் சத்தம் கேட்ட காதுதானே, இது என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் ஹெட்போனைத் தானே கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"பேரிங் தேஞ்சு போச்சும்மா."

"மாத்திடலாமாப்பா?"

"இந்த மாடலுக்கு இனிமே கிடைக்காது. ஓடற வரைக்கும் ஓடட்டும்." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் முதுகை நீவிக்கொண்டே இளையவள் எந்த விசிறியின் பேரிங் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் மூன்று விசிறிக்கும் தையல் மிஷின் எண்ணெய் விட்டாள். அப்பா ஒரு புதுப் பழக்கம் பிடித்தார். "ஆரம்பிக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லு" என்பார். இவளும் "ஆரம்பிக்கறேன்பா" என்று குரல் கொடுத்துவிட்டு வாசிப்பாள். சத்தம் கொஞ்சம் குறைந்தது. எண்ணெய் வேலை செய்கிறது என்று நினைத்தாள்.

அன்று காலை எறும்புகளைப் பற்றிய பாடம். "ஆரம்பிக்கறேன்பா" என்றாள். முதல் பக்கத்தில் லேசாகக் கர்ர் வந்தது. இரண்டாம் பக்கத்தில் விட்டு விட்டு வந்தது. அப்புறம் இல்லை. ஹெட்போனுக்குள் தன் குரலைத் தவிர எதுவுமே இல்லை. வாசிப்பை நிறுத்தாமலே மேசைக்கடியில் கையை முஷ்டியாக மடக்கி ஆட்டிக்கொண்டாள். ஒரு பிழை இல்லாமல் அந்தப் பாடத்தை முடித்தாள். சந்தோஷத்தில் அடுத்த பாடத்தையும் முடித்தாள். இரண்டையும் அனுப்பினாள். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு டம்ளரில் டீ போட்டு, திரையை முழங்கையால் ஒதுக்கினாள்.

"அப்பா, பேரிங் சரியாயிடுச்சு" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் ஒருக்களித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகுக்கு அடுக்கிய தலையணைகள் காலடியில் கிடந்தன. குளியல் துண்டை நாலாக மடித்து வாயோடு மூக்கோடு வைத்து, அதன் மேல் தன் கையை வைத்திருந்தார்.

டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு அவள் முதலில் செய்தது அந்தத் துண்டை எடுத்ததுதான். அப்புறம் தொட்டாள், உலுக்கினாள். அப்புறம் தலையணைகளை மறுபடி அடுக்கி அவரைச் சாய்த்து வைத்தாள். அதற்கப்புறம்தான் தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. வந்தவர்கள் எல்லோரும் இளையவளின் கையைப் பிடித்து, பெற்ற மகள் பக்கத்திலேயே இருக்க, அவள் குரலைக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார், இந்தச் சாவு யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். தையல்காரம்மா ஒரு படி மேலே போய், நேரில் பார்த்தவள் மாதிரி, கடைசியாக மகளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாராம் என்று வாசலில் சொல்லிக்கொண்டிருந்தாள். இளையவள் மறுக்கவில்லை.

குளிர்பெட்டி வந்தது. அதைச் செருகியதும் கூடமே அதிர்ந்தது. "என்ன இது, இந்தச் சத்தம் போடுது" என்றாள் தையல்காரம்மா. "ஏம்மா, இதுக்கு ஏதாவது பண்ண முடியாதா? சத்தத்தை அடக்கறதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே." மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. இளையவள் எழுந்து கொல்லைப்புறம் போனாள். வாந்தி எடுக்கப் போனாள் என்பதைத் தையல்காரம்மா கவனித்தாள். காலையிலிருந்து வெறும் வயிறு என்று எல்லோருக்கும் விளக்கமும் சொன்னாள்.

கொல்லையில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. கம்பெனி. இரண்டு பாடமும் மிகச் சுத்தம், மீதியையும் இதேபோல் அனுப்பவும் என்றிருந்தது.

மூத்தவள் மதியம்தான் வந்து சேர்ந்தாள். பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பருமனான, எதையும் உரக்கச் சொல்லும் பெண். அன்று அழுகைகூட மெல்லியதாகத்தான் வந்தது. யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கையைக் கேட்டாள்.

"கடைசில ஏதாவது சத்தம் போட்டாராடி?"

"இல்லக்கா."

"இருமினாரா? கூப்பிட்டாரா?"

"இல்லக்கா."

சாயங்காலம் அவரைக் கொண்டுபோகிறவரைக்கும் மூத்தவள் இதையே வேறு வேறு விதமாக மூன்று தடவை கேட்டுவிட்டாள். துண்டைப் பற்றி இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று இளையவள் தீர்மானித்தாள். எறும்புப் பாடத்தில் ஆரம்பித்து, முஷ்டியை ஆட்டியது உட்பட. யாரிடமாவது சொன்னால் அக்காவிடம்தான் சொல்ல முடியும். அடித்தாலும் அக்கா அடிக்கட்டும். எப்படி ஆரம்பிப்பது என்ற முதல் வாக்கியத்தைக்கூட, பாடம் வாசிப்பதற்கு முன்னால் செய்வது போல, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு வீடு காலியாயிற்று. கட்டிலின் மேல்விரிப்பை உருவி எடுத்து அக்காளும் தங்கையும் கொல்லைக் குழாயடியில் அலசினார்கள். இரட்டைக் கட்டில் விரிப்பு, அம்மா இருந்த காலத்தது; தண்ணீரில் நனைந்து கல்லாகக் கனத்தது. ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்தார்கள்.

"அக்கா" என்றாள் இளையவள்.

"இரு. நான் ஒன்னு சொல்லிடறேன். திட்டாத." மூத்தவள் கையிலிருந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வாரம் போன்ல அப்பா சொன்னார். சின்னவ மிஷினைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிட்டிருக்கா, அவ தேடற சத்தம் என் நெஞ்சுக்குள்ள இருக்குன்னார். நான்தான்னு தெரிஞ்சா வேலையை விட்டுடுவா, நீ வாயைத் திறக்காதேன்னார். அவரும் சிரிச்சார். நானும் சிரிச்சேன்டி."

இளையவள் தன் பக்கத்து நுனியைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"அவ்வளவு சத்தமா மூச்சு வாங்குதுன்னா, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னு உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். ஜோக்குன்னு நினைச்சு வீட்டுக்காரர்கிட்ட வேற சொல்லிச் சிரிச்சேன். காலைல நீ போன் பண்ணதிலேர்ந்து அந்தச் சிரிப்புதான் காதுல கேக்குது." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "நிஜத்தைச் சொல்லு. திணறினாரா? எப்படிப் படுத்திருந்தார்?"

பக்கத்து வீட்டு மாடியில் தையல்காரம்மா காயாத துணியை எடுப்பது போல நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கிற தூரம் இல்லை. இளையவள் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறப்பது மட்டும் தெரிந்தது.

"சாஞ்சுக்கிட்டுதான்க்கா இருந்தார்" என்றாள் இளையவள். "எப்பவும் போல. வாயைத் திறந்துக்கிட்டு."

"தலகாணியெல்லாம்?"

"முதுகுலதான் இருந்துச்சு."

மூத்தவள் பெருமூச்சு விட்டாள். "அப்ப சரி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீ என்னவோ சொல்ல வந்தியே?"

"ஒன்னுமில்ல. முறுக்கு."

மூத்தவள் வலது பக்கம் முறுக்கினாள், இளையவள் இடது பக்கம். விரிப்பு கயிறாகத் திரண்டு, நடுவிலிருந்து தண்ணீர் கொட்டி, பிறகு சொட்டி, பிறகு நின்றது. போதும் என்று இருவரில் யாரும் சொல்லவில்லை. இன்னும் முறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.